மாவு காத்திருக்காது

"ஜில்லுனு கிடக்காருடி" என்றான் புருஷன்.

டீ கொடுக்கப் போனவள், எத்தனை கூப்பிட்டும் மாமனார் கண் திறக்கவில்லை என்று கீழே பார்த்துக் கத்தியிருந்தாள். அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துப் போட்ட கையோடு அவன் மாடிக்கு ஓடிவந்தான். நெற்றியைத் தொட்டான். மூக்கடியில் விரல் வைத்தான்.

"மூச்சும் இல்ல. நீயே பாரு."

விடிந்ததிலிருந்து அவளும் அந்த அடுப்பின் வாயிலேயே வெந்துகொண்டிருந்தவள்தான். தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. அழ வாயெடுத்தவளை உள்ளங்கையால் பொத்தினான்.

"கத்தாதே. இப்பக் கத்தினே, நம்ம கடைக்கும் சேர்த்து அழுத மாதிரி."

"டாக்டரையாவது கூப்பிடுங்க..."

"டாக்டர் வந்தா தெருவே வரும். போனவருக்கு அவரு என்னத்தைப் பண்ணப் போறாரு? மாவு பொங்கி நிக்குது, அது காத்திருக்குமா? மத்தியானம் வரைக்கும் ஓட்டிடுவோம். அப்புறம் மனசார அழுவோம். அப்பா எங்கயும் போயிட மாட்டாரு."

பெற்ற மகன் பேசுகிற பேச்சா இது! ஆனால் அதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டதே, அதுதான் கொடுமை. வருஷக்கணக்காக அடுத்தவன் பேக்கரியில் மாவு பிசைந்தவன் அவன். தனிக்கடை போடுகிறேன் என்றதும் முதலாளி எல்லோர் முன்னாலும் சிரித்தார். "போ, போ. போன வேகத்துல திரும்பி வருவே" என்றார். அந்த முதலாளியும் இன்றைக்குக் கடைத் திறப்புக்கு வருகிறார். இப்போது கடையைச் சாத்தினால் பிசைந்ததெல்லாம் புளித்துக் குப்பைக்குப் போகும். மறுபடி ஒரு மூட்டை மாவு வாங்க வக்கில்லை. அவள் தலையாட்டினாள். ஆட்டித் தொலைத்தாள்.

போர்வையை மார்புவரை இழுத்துவிட்டு, அறையை வெளியே பூட்டி, சாவியை அவள் கையில் திணித்தான்.

"பெரியவரைப் பாக்கணும்னு எவனாவது மேல ஏறிடப் போறான். தூங்குறாருன்னு சொல்லு."

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். வந்தவர்கள் எல்லாம் அப்பா எங்கே என்றுதான் கேட்டார்கள். "தூங்குறாரு" என்றாள். முதல் தடவைதான் நாக்குக் கூசியது. அப்புறம் பன்னை எடுத்துக் கொடுப்பதுபோல அதையும் எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டாள்.

முதலாளி ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். "பரவாயில்லையே! என்கிட்ட கத்துக்கிட்டது வீண் போகல."

புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாடியில் தடாலென்று ஒரு சத்தம்.

"மேல என்னய்யா?"

"பூனைங்க அண்ணே. வாசனைக்கு வந்திருக்கும்." சிரித்துக்கொண்டே ரேடியோவைக் கூட்டி வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ பிராண்டுகிற மாதிரி இருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஒரு எட்டு ஏறிப் பார்த்திருக்கலாம். க்ரீம் பன் கேட்டு எதிரே கைகள் நீண்டுகொண்டே இருந்தன. செத்தவர் எப்படி எழுந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் அலமாரி துடைத்துவிட்டாற்போல் ஆனது. அவன் குழாயில் கை கழுவிக்கொண்டே கிசுகிசுத்தான். "இப்பப் போய்ப் பாத்துட்டுக் கத்து. நான் பதறி ஓடி வர்றேன்."

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். கொஞ்சம் விலகி நின்றுவிட்டது. உள்ளே கனமாக ஏதோ தடுத்தது. கத்த வேண்டியவளுக்குக் குரலே வரவில்லை.

கத்தல் கேட்காமல் அவனே ஏறி வந்தான். பின்னால், திறப்புக்கு வந்திருந்த மாமனாரின் தங்கையும் முதலாளியும். அவன் இடுக்கில் கையை நுழைத்துத் துழாவினான். ஒரு கை தட்டுப்பட்டது.

"சூடா இருக்கு" என்றான். அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

நெருப்பில் வெந்த கைக்கு உயிருள்ள உடம்பும் ஜில்லென்றுதான் இருந்திருக்கிறது. மரத்த விரலுக்குக் கிழவரின் மெல்லிய மூச்சு தெரியுமா?

டாக்டர் வந்து பார்த்தார். "இப்பதான் போயிருக்காரு. அரைமணி நேரம்கூட ஆகல."

அவ்வளவுதான், தங்கைக்காரி மாரில் அடித்துக்கொண்டாள். "பிள்ளை கடையைத் திறக்கட்டும்னு உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு இருந்திருக்கியே அண்ணா!"

ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேயறைந்தவன்போல் நின்ற புருஷன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான். அடுத்து வந்தவரிடம் அவனே சொன்னான்:

"கடையைத் திறந்துட்டேன்னு தெரிஞ்சப்புறம்தாங்க போனாரு."

சொல்லும்போது நிஜமாகவே அழுதான்.

அவள் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கையில் இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. மற்ற நகக்கண்களில் கதவின் பச்சைப் பெயின்ட் அடைந்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.