அண்ணன் போட்ட ஜாயின்ட்

கேபிளின் ஒன்பதாவது ஜாயின்ட்டின் மேல் சுற்றியிருந்த தார்த்துணியை வாஹித் பாஷா கத்தியால் கீறி உரித்தான். உள்ளே செம்புக் கம்பிகள் முறுக்குக் குலையாமல் பளபளவென்று இருந்தன. சனியன், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது! கோளாறைத் தேடுகிறவனுக்கு நல்ல கம்பியைப் பார்த்து ஏன் இவ்வளவு எரிச்சல் வரவேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூணுக்காக இறக்கும் கிணறுகளிலிருந்து மணலை அள்ளிப்போட மின்சாரக் கிரேன் ஒன்று வந்திருந்தது. கரைமேல் கொட்டகையில் டைனமோ. அங்கிருந்து ஆற்று மணலில் முந்நூறு கஜத்துக்குக் கேபிள். நான்கு நாளாகக் கிரேன் சண்டித்தனம் செய்தது. வெறும் தொட்டியைத் தூக்கும். மணலை அள்ளிக்கொண்டால் முனகி முனகி நின்றுவிடும். கிரேன் பக்கத்தில் சோதனை பல்பை வைத்துப் பார்த்தால் ஜம்மென்று எரிந்தது. கரன்ட் வருகிறது, பிறகு என்ன கேடு? இஞ்சினியர் துரை பொறுத்துப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குத் தந்தி அடித்துவிட்டார். நாளைக் காலை மெயில் ரயிலில் மெக்கானிக் ஒருவன் வருகிறான். அவன் வந்து கண்டுபிடித்துவிட்டால் வாஹித்தின் உத்தியோகம் அவ்வளவுதான்.

“மக்பூல் பாய் இருந்தா இந்நேரம் ஓட்டியிருப்பாரு” என்று நான்கு நாளில் நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள்.

அதுதான் அவன் வயிற்றெரிச்சல். மெட்ராஸில் இரண்டு வருஷம் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியவன் அவன். அண்ணன் மக்பூல் அகமது தோல் பதனிடும் ஷாப்பில் எண்ணெய் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவர், கையெழுத்துக்கூடப் போட வராது. ஆனால் துரையிலிருந்து அவருடைய சமையல்காரன் வரைக்கும் எல்லோருக்கும் அண்ணன்தான் வேண்டும். கோளாறு என்றால் கிரேனைச் சுமை தூக்கச் சொல்லிவிட்டு, கேபிளைத் தடவிக்கொண்டே நடப்பார். “எருமைய தடவிக் குடுக்கறாரு பாரு” என்று வாஹித் பின்னாலிருந்து கேலி செய்வான். அவர் நின்று கை வைத்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கோளாறு இருக்கும். அதை அவனால் பொறுக்கவே முடிந்ததில்லை.

கேபிளில் பதிமூன்று ஜாயின்ட். பதினொன்று அண்ணன் போட்டவை, வெறும் முறுக்கு. கிரேனை ஒட்டிய கடைசி இரண்டும் போன மழைக்காலத்தில் வாஹித் போட்டவை, புத்தகத்தில் உள்ளபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. அது யாருக்கும் தெரியாது. எல்லாமே பாய் போட்டது என்றுதான் பேச்சு. இந்த நான்கு நாளும் அவன் அண்ணனுடையதை மட்டுமே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய இரண்டின் பக்கம் போகவே இல்லை.

டைபாய்டில் கிடக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரே தினமும் கேட்டார்.

“கிரேன் எப்டி ஓடுது வாஹித்?”

“ஜோரா ஓடுதுண்ணா.”

கேட்டால் படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவார். மறுநாள் ஆம்பூர் முழுக்க, பாய் படுத்துகினே கிரேனை ஓட்டிட்டாரு என்று பேசும். அதைக் கேட்பதற்குச் செத்துப்போகலாம்.

பத்தாவதில் கத்தியை வைத்தபோது மேஸ்திரி இருதயராஜ் மணலில் நடந்து வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

“கத்திய வெச்சுட்டு வீட்டுக்குப் போ வாஹித்.”

“இன்னும் ரெண்டுதான் பாக்கி மேஸ்திரி.”

“கெடக்கட்டும் போப்பா. அண்ணன் போய்ட்டாரு.”

வீட்டில் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் அசரத்து தேய்த்துவிட, வாஹித் மொண்டு மொண்டு ஊற்றினான். பதினெட்டு நாள் காய்ச்சலில் அண்ணன் பாதியாகியிருந்தார். வாஹித்துக்கு அழுகை வரவில்லை. வாசலில் பாலத்து ஆட்கள் அறுபது பேர் நின்றார்கள், அதில் பாதிப்பேர் அழுதார்கள். நான் செத்தால் ஆறு பேர் வருவார்களா என்று அவன் எண்ணினான். மய்யத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்றும் நினைத்தான். நினைத்தும் பொறாமை அடங்கவில்லை.

கபன் துணி சுற்றி முடித்ததும் அண்ணி ஜஹீருன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“தம்பி, இத்தினி பேரு வந்துக்கீறாங்களே, வேலைய நிறுத்திட்டாங்களா?”

“ஆமா அண்ணி.”

“கிரேன் ஓடுதுல்ல?”

“ஓடுது.”

“அதான் நிம்மதியா போனாரு. ‘இனிமே நான் எழுந்தாலும் பாலத்துக்குப் போவ வாணாம், என் தம்பி தனியா ஓட்டிட்டான் பாத்தியா’ன்னு நேத்துகூட சொன்னாரு. பாக்க வர்ற சொந்தக்காரங்ககிட்டல்லாம் இதே பேச்சுதான். எனக்கே பேஜாரா பூட்ச்சு.” அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வாஹித் போய், அண்ணனைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் முன்கட்டைக்குத் தோள் கொடுத்தான்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. குழிக்குள் இறங்கி அண்ணனை வாங்கிக் கிடத்தியவன் அவன்தான். எல்லோரும் வீட்டுப்பக்கம் திரும்ப, அவன் மண் ஒட்டிய கைலியோடு ஆற்றுப்பக்கம் நடந்தான். இருதயராஜும் ஆட்களும் பின்னால் ஓடிவந்தார்கள்.

“இன்னிக்குமா? இன்னாப்பா நீ!”

“டைனமோவ ஓட்டச் சொல்லுங்க மேஸ்திரி. கிரேன் மணல அள்ளட்டும். நின்னாலும் வுடாதீங்க, மறுபடி மறுபடி தூக்கச் சொல்லுங்க.”

வானம் மூடிக்கிடந்தது, மணல் சில்லென்றிருந்தது. வாஹித் கொட்டகையிலிருந்து குனிந்தபடி கேபிளைத் தடவிக்கொண்டு நடந்தான். சுமை ஏறினால் கெட்ட ஜாயின்ட் சூடேறிக் காட்டிக்கொடுக்கும். யாராவது கேலி செய்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். யாரும் செய்யவில்லை. அவன் பிரித்துப் பார்த்துத் திரும்பச் சுற்றிய ஒன்பதும் குளிர்ந்திருந்தன. பத்தாவதும் அப்படியே. பதினொன்றாவதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சுடு, கொஞ்சமாவது சுடு என்று கெஞ்சாத குறை. அது சுடவில்லை.

பன்னிரண்டாவதும் குளிர்ச்சிதான். பதிமூன்றாவதில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். தோசைக்கல்லாகச் சுட்டது.

டைனமோவை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கீறினான். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. பற்றவைக்கும்போது பூசிய திராவகத்தைத் துடைக்காமல் அவசர அவசரமாகத் துணியைச் சுற்றியிருக்கிறான். அது ஒரு வருஷமாகச் செம்பைத் தின்றிருக்கிறது. மிச்சமிருந்த நாலு இழையில் பல்பு எரியும்; சுமை தூக்க எங்கே போவது? அண்ணனிடம் கேட்டிருந்தால், தடவிப் பாரு என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

கெட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, கம்பிகளைச் சுரண்டி, ஈயம் கீயம் ஒன்றுமில்லாமல் இறுக்கி முறுக்கித் துணி சுற்றினான். டைனமோ ஓடியது. கிரேன் தொட்டி நிறைய மணலோடு எழும்பியது. ஆட்கள் ஹோவென்று கத்தினார்கள்.

இருதயராஜ் மூச்சிரைக்க வந்தார். “எங்கப்பா இருந்துச்சு?”

“ஜாயின்ட்டுல.”

அவர் முகம் சுருங்கியது. குரலைத் தணித்துக்கொண்டார். “பாய் போட்டதுலயா? அடடா. போனா போவுது வாஹித், அவரும் மனுஷன்தானே. தொரைகிட்ட வாணாம். கல்லு பட்டு அறுந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.”

அண்ணனும் தப்பு செய்கிறவர்தான் என்று ஒரே ஒருத்தர் வாயால் கேட்கவேண்டும் என்பதற்காகத்தானே அவன் ஒன்பது ஜாயின்ட்டைப் பிரித்தான்? கேட்டாயிற்று.

“அது நான் போட்டது மேஸ்திரி.”

“சர்தான், வுடு.”

“இல்ல, மெய்யாலுமே நான் போட்டது. அண்ணன் போட்டதுல ஒண்ணுகூட கெடல. பதினொண்ணும் பாத்துட்டேன்.”

இருதயராஜ் அவனையே பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

“டேய், இவன பாருங்கடா! அண்ணன் பேரு கெடக்கூடாதுன்னு தப்ப தன் தலையில போட்டுக்கறான். கூடப்பொறந்தவன்னா இவன்டா!”

ஆட்கள் இறங்கிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான். ஒருவன் அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான். வாஹித் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தான். கிரேன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தொட்டி அவர்கள் தலைக்கு மேலாகத் திரும்பியது. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டே விலகி ஓடினார்கள். அவன் மட்டும் அங்கேயே நனைந்துகொண்டு நின்றான்.