கூரையில் இரண்டு கண்ணாடி

லாரிக் கூரையில் அறுத்திருந்த இரண்டு சதுரத் துளைகளுக்கு நடுவே அய்யாவு குந்தியிருந்தான். தகரம் வெயிலில் கொதித்தது. ஒரு துளை வழியாக ஜப்பான் அதிகாரி அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னார். நாலைந்து வாக்கியம் இருக்கும். பேசிக்கொண்டே தன் கழுத்தைத் தடவினார், சிரித்தார், பிறகு வடக்குப் பக்கமாகக் கையை வீசினார். லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த, தோட்டக் கணக்கு எழுதும் பரஞ்சோதி கிராணி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குனிந்து நிமிர்ந்தார்.

அதிகாரி போன பிறகு அய்யாவு இறங்கி வந்தான். "என்னங்கய்யா சொன்னாரு?"

"மழ பேஞ்சா ஒரு சொட்டு உள்ள வரக் கூடாதாம்."

"அவ்ளோ நேரம் பேசுனாரே?"

பரஞ்சோதி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒழுகலன்னா ஒன்னயும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மாரி இருந்துச்சி. இல்ல, ஒழுகுனா அனுப்பிருவேன்னாரோ என்னமோ. 'தாய்'னு ரெண்டு தடவ சொன்னாரு. அவங்க பாஷைல அது சயாமும் ஆவும், பட்டாளமும் ஆவும், ஏதோ வேணும்னாலும் அப்பிடித்தான் முடியும். நான் படிச்சது ஆறு மாசம்லா அய்யாவு, என்னப் போட்டுக் கொல்லாத."

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் அது. சண்டைக்கு முன்னால் இந்த லாரியில் அய்யாவு ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போய்வருவான். வெள்ளைக்கார துரை ஓடிப்போனார், லாரி நின்றது. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் நில அளவை அதிகாரியான இவர் வந்து, லாரியின் மரப்பெட்டிக்குள் கட்டிலும் மேசையும் போடச் சொன்னார். ஊர் ஊராகப் போய் அதிலேயே படுத்து, அதிலேயே வரைபடம் வரைவாராம். கதவைத் திறந்தால் காற்றில் தாள் பறக்கிறது, மூடினால் இருட்டு. அதனால்தான் துரை பங்களாக் குளியலறையின் ஜன்னல் கண்ணாடிகள் இரண்டும் கழன்று கூரைக்கு வந்திருந்தன. கண்ணாடியை எதை வைத்து ஒட்டுவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பரஞ்சோதி, "ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு யோசிக்கிறியே, பால ஊத்து" என்றார். அய்யாவு ஊற்றிப் பார்த்தான். முதல் நாள் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பால், இரண்டு நாள் வெயிலில் வெல்லப்பாகு போலப் பிசுபிசுத்து விரலோடு வந்தது. சாலைத் தாரை உருக்கிப் பூசினான். மதிய வெயிலில் அது இளகி உள்ளே மேசைமேல் சொட்டியது. நல்லவேளையாக மேசையில் வரைபடம் இல்லை. கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தான்.

சுங்கைப் பட்டாணியில் அரிசி, சீனி எதுவும் இல்லாததுபோல பஷீர் பாயின் இரும்புக் கடையில் ஆணியும் இல்லை. மூலையில் ஒரு சாக்குக் குங்கிலியம் மட்டும் கிடந்தது. மெர்போக் ஆற்று மலாய்க்காரர்கள் படகின் இடுக்குகளை அடைக்க வாங்குவது.

"இதத் தூளாக்கி மரஎண்ண ஊத்திக் கொழச்சி அடி தம்பி, தண்ணி நிக்கும். ஆனா ஒண்ணு, படகு தண்ணில மெதக்குது. ஒன் லாரி குழில விழுந்து எந்திரிக்கும். காஞ்சதும் வெடிச்சிருச்சின்னா என்னய கேக்கக் கூடாது."

"அப்ப வேற என்னதான் பாய் போடுறது?"

"கண்ணாடி ஒட்டுற புட்டி வேணும். அது கப்பல்ல வந்த சாமான். கப்பல் எங்க வருது?" அதிகாரி பேசியதை அய்யாவு சொல்லக் கேட்டிருந்த பஷீர் பாய் குங்கிலியத்தைக் காகிதத்தில் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒழுகாம செய்யப் போறியா, ஒழுகுற மாரி செய்யப் போறியா? அத மொத முடிவு பண்ணு."

வழியெல்லாம் அதே கேள்விதான் மண்டைக்குள் கிடந்து உருண்டது. நன்றாகச் செய்தால் கூட்டிக்கொண்டு போவது பரிசா, தண்டனையா? மோசமாகச் செய்தால் விட்டுவிடுவாரா, சயாம் காட்டில் போடும் மரண ரயில் பாதைக்குக் கூலியாக அனுப்பிவிடுவாரா? சில மாசத்துக்கு முன்னால் சயாமுக்குப் போன லாரிகளில் ஒன்றில் அவன் மச்சான், மனைவியின் தம்பி முனியாண்டி இருந்தான். சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டுத்தான் ஏற்றினார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

வீட்டில் மனைவி செல்லாயி மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "ஒழுவ விட்ருங்க" என்றாள் உடனே. "இவனுக்கு வேல தெரியலன்னு வேற டிரைவரப் பாக்கட்டும். அடிச்சாலும் அடிச்சிட்டுப் போறான்."

"அடியோட விட்டாச் சரி. கூலி ஆளுங்களோட ஏத்திட்டான்னா?"

கத்தி நின்றது. "அப்ப நல்லாவே செய்ங்க. டிரைவரா போனா சோறாவது கெடைக்கும்." மறுபடியும் சீவத் தொடங்கியவள் தலை நிமிராமலே கேட்டாள். "அங்கதான் போறீங்கன்னா, தம்பியப் பாக்க முடியுமா?"

"அவ்ளோ பெரிய காட்டுல எங்கன்னு பாக்க?"

"எனக்கு என்னா தெரியும்? போவாதீங்கன்னும் தோணுது, போய்ப் பாத்துட்டு வாங்கன்னும் தோணுது. ரெண்டையும் நானேதான் சொல்றேன். நீங்க எதயோ ஒண்ணச் செய்ங்க."

மறுநாள் கூரையில் ஏறியபோதும் அவன் முடிவு செய்திருக்கவில்லை. கைதான் வேலையைத் தொடங்கியது. புகைபோட்ட ரப்பர் ஷீட்டைப் பட்டை பட்டையாக வெட்டித் துளையின் விளிம்பில் மெத்தைபோல வைத்தது. அதன்மேல் கண்ணாடியை இறக்கியது. லாரி குலுங்கினால் ரப்பர் தாங்கிக்கொள்ளும். சுற்றிலும் குங்கிலியக் குழம்பைத் திணித்து, வெயில் படாமல் மண்ணெண்ணெய் டின் தகரத்தை மடித்து மேலே தட்டிப் பொருத்தியது. ஒரு மூலையில் விரலளவு இடைவெளி இருந்தது. அதை அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த மூலையைப் பார்த்தபடி வெயிலில் உட்கார்ந்திருந்தான். மச்சான் முகத்தை நினைக்கப் பார்த்தான். காது மட்டும்தான் ஞாபகத்தில் வந்தது, விடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய காது. அப்புறம் குங்கிலியத்தை எடுத்து அந்த இடைவெளியிலும் அடைத்தான். எதற்காக அடைத்தோம் என்று இறங்கும்போது யோசித்தான். பிடிபடவில்லை.

சாயங்காலம் மழை கொட்டியது. அதிகாரி அவனையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடிமேல் தண்ணீர் ஓடும் நிழல் இருவர் முகத்திலும் அசைந்தது. மழை நிற்கும்வரை அவர் விளிம்புகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். விரல் காய்ந்தே இருந்தது. ஏதோ சொல்லி அவன் தோளில் தட்டினார். தட்டியது வலித்தது. பாராட்டா, உத்தரவா? அய்யாவு தலையாட்டி வைத்தான்.

விடிந்ததும் புறப்பாடு. செல்லாயி அவித்த கிழங்கைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். தம்பியின் பழைய சட்டையையும் கூடவே வைத்தாள். பரஞ்சோதி வாசலில் வந்து நின்றார். "எத்தன நாளுன்னு கேட்டேன். 'ஹை'ன்னாரு, ஆமாங்கிறது அது. எந்தூருன்னு கேட்டேன், அதுக்கும் ஹைதான்" என்று கையை விரித்தார்.

அதிகாரி பெட்டிக்குள்ளிருந்து பலகையில் தட்டித் தட்டி வழி காட்டினார். பீடோங்கில் வடக்கே திரும்பியது லாரி. குருன் ஊரும் பின்னால் போனது. பெண்டாங் பக்கத்து வயல்கள் இருபுறமும் விரிந்தபோது நிறுத்தச் சொல்லித் தட்டினார். கூரையைப் பார்க்கத்தான் இருக்கும் என்று நினைத்து அய்யாவு மேலே ஏறினான். இவ்வளவு குழியில் விழுந்து எழுந்தும் குங்கிலியத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மண்டியிட்டுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தான். மேசையில் வரைபடம் விரிந்திருந்தது. அதன் நடுவே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. போகிற வழியா, போடப்போகிற ரயில் பாதையா?

"எங்க போறோம்?" என்று தமிழிலேயே கேட்டான். பிறகு, "சயாம்?" என்று கண்ணாடியைத் தட்டினான்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன, வெகுநேரம் அசைந்தன. ஒரு சத்தமும் மேலே வரவில்லை. அய்யாவு காதைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். வயல்மேல் வந்துகொண்டிருந்த மழையின் முதல் துளிகள் அவன் முதுகிலும், கண்ணாடியிலும் விழுந்தன. கீழே அந்த முகம் கலங்கி, உடைந்து, மறுபடி கூடியது. வாய் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.