இரண்டாவது நீலக் கூரை

எங்கள் தெருவில் யார் வீட்டு மொட்டைமாடியில் என்ன கிடக்கிறது என்று சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெருமையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் பிடுங்கிக்கொண்டார். கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். வேலை போன பிறகு சும்மா இருக்க மாட்டாமல், கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற ஃப்ளைட் சிமுலேட்டருக்கு நிஜம் போலவே நிலக்காட்சி செய்கிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வானத்திலிருந்து எடுத்த படங்களை இறக்கி, துண்டு துண்டாக ஒட்டி, பொம்மை விமானத்துக்குக் கீழே பாய் மாதிரி விரித்துவிடுவது. தெருவே அவருக்கு 'சாட்டிலைட்' என்று பேர் வைத்துவிட்டது.

இணையத்தில் யாரோ எழுதிய பாடத்தைப் படித்துத்தான் ஆரம்பித்தார். முதலில் எங்கள் தெரு. போய்ப் பார்த்தால் என் வீடு தரையில் ஒட்டிய ஸ்டாம்பு மாதிரி தட்டையாகக் கிடந்தது. "கூரையை எல்லாம் குறிச்சு, மேல கட்டடத்தை நிமித்தி வைக்கணும்க்கா, இனிமேதான்" என்றார். தண்ணீர் எது, நிலம் எது என்று கறுப்பு வெள்ளையில் தனியாக ஒரு படம் வரைந்து கொடுக்க வேண்டுமாம். அதை மறந்துவிட்டார். விமானம் ஏரியின் மேல் ஜம்மென்று உருண்டு போய் நின்றது. அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அங்கேயே மனை வாங்கிடலாங்க" என்றாள். வாய் அப்படி. ஆனால் அவருக்கு டீ போட்டுக்கொடுத்துத் தெம்பு சொன்னதும் அவள்தான். மனுஷன் பல நாள் கழித்து முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருக்கிறாரே, அது போதும் அவளுக்கு.

அவளுக்கு ஒரு தம்பி. அக்கா வீட்டில் தங்கி விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் தனியாகப் பறக்காதவனைத் தெருவே 'பைலட்' என்று கூப்பிட்டது. என்னை ஆன்ட்டி என்பான். அவன் அக்காவைவிட எனக்கு ஆறு வயதுதான் கூட, போகட்டும். தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டான். கை சுத்தம், படிப்பு சுத்தம், எங்கே திரும்புவது என்பதில் மட்டும் தடுமாற்றம். ஓடுபாதையை ஒட்டி நேராகப் பறந்து போய், சரியான இடத்தில் திரும்பினால்தான் ஒழுங்காக இறங்க முடியும். மூன்றாவதும் தவறினால் பள்ளியில் பெயரை எடுத்துவிடுவார்கள். அதுவும் இந்த முறை தேர்வு அவன் கண்ணால் பார்த்தே இராத வேறொரு ஊர் ஓடுபாதையில்.

"கவலைப்படாதே மாப்ள. அந்த ஊரையே வீட்டுக்குள்ள கொண்டாந்துடறேன்" என்றார் சாட்டிலைட்.

கொண்டுவந்தும்விட்டார். கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போன சாக்கில் நானும் பார்த்தேன். ஓடுபாதை, சாலை, வயல், நீலத் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. கொஞ்சம் தள்ளி இன்னொரு நீலக் கூரை.

"என்னங்க, ரெண்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கு? வாசல்ல நிக்கிற லாரிகூட அதே லாரி!"

அவருக்குச் சிரிப்பு. "உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா? அந்த இடத்துல ஒரு மேகம்க்கா. கீழ ஒண்ணும் தெரியல. வேற நாள் எடுத்த படம் இருக்கு, ஆனா அது பச்சையா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். அதான் பக்கத்து நிலத்தையே எடுத்து மேகத்து மேல தேச்சுட்டேன். உங்களைத் தவிர ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"ஏன்தான் இந்தத் திருட்டு வேலையோ" என்று அவர் மனைவி டீ டம்ளரை வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பைலட்டுக்கு அந்த மேகக் கதை தெரியாது. அவன் பாட்டுக்கு உட்கார்ந்து பறந்தான். திரும்ப வேண்டிய இடத்துக்குச் சரியாக அமைந்த அந்தக் கூரை தான் ஒட்டியது என்பதையே மறந்து, மாமா பின்னால் நின்று, "முதல் நீலக் கூரையை விட்டுடு. ரெண்டாவது வந்ததும் திரும்பு" என்று சொல்லிக் கொடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பையன் பிசகாமல் இறங்கினான். அதைக் கேள்விப்பட்ட பள்ளிக்காரர்கள், தங்கள் பயிற்சி யந்திரத்துக்கும் அந்தக் காட்சியை எடுத்துக்கொள்வதாகவும், பார்த்துக்கொள்ள சாட்டிலைட்டையே வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்கள். சட்டை இரண்டை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

தேர்வன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது. அவள் சமையலறை ஜன்னலும் என் ஜன்னலும் நேருக்கு நேர். கை வேலையாக இருந்தவள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"அக்கா, அந்த ரெண்டாவது கூரை அங்க இல்லக்கா! நான் வரும் வரும்னு போய்க்கிட்டே இருக்கேன். பக்கத்துல உக்காந்திருந்த சார் ஏன்டா திரும்பலங்கிறாரு. ரெண்டாவது நீலக் கூரை வரல சார்ங்கிறேன். அப்படி ஒண்ணு இந்த ஊர்லயே கிடையாதுன்னுட்டு அவரே பிடிச்சு இறக்கிட்டாரு."

"அய்யோ! அப்புறம்?"

"மாமா மெஷின்ல பாத்தேன்னு சொன்னேன். மனுஷன் நல்லவருக்கா. அப்படி இருந்தா உன் தப்பு இல்ல, மறுபடி ஏத்தறேன்னாரு. இல்லாததைப் பாக்கிறவனா இருந்தா முதல்ல டாக்டர்னாரு. இப்ப என்கூட அவரே வர்றாரு. மாமாகிட்ட அதை அப்படியே வச்சிருக்கச் சொல்லு, என்ன?"

போன் வைத்த சத்தம். அப்புறம் நாற்காலி இழுபட்ட சத்தம்.

"தொடாதீங்க" என்றாள் அவள்.

"கள்ளத்தனமா ஒட்டினதுன்னு தெரிஞ்சா அந்த வேலை எனக்கு உண்டா? சொல்லு. இதுவும் போச்சுன்னா எனக்கு என்னடி இருக்கு?"

"அவனுக்கு?"

"அவன் சின்னப் பையன். வேற எதையாவது செஞ்சு பொழைச்சுக்குவான்."

அதற்கப்புறம் மௌஸ் சொடுக்குகிற சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

வாசலில் வண்டி வந்து நின்றதும் நானும் போய்ச் சேர்ந்தேன். இந்த முறை கையில் கிண்ணம்கூட இல்லை. தேர்வு வைத்த பயிற்சி ஆசிரியர் உயரமான ஆள், செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு அடக்கமாக வந்து உட்கார்ந்தார். பையன் ஓடிப் போய் விமானத்தைக் கிளப்பினான். ஓடுபாதை வந்தது, சாலை வந்தது, நீலக் கூரை வந்தது.

"இப்ப பாருங்க சார். இப்ப வரும்."

வரவில்லை. புல்வெளி வந்தது. அதற்கப்பால் வயல், வயலுக்கு அப்பால் ஒரு கல்குவாரி. பையன் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி பறந்தான்.

"மாமா, இங்கதானே? ரெண்டாவதுல திரும்புன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"முதல் கூரையைத் தாண்டினதும் திரும்புன்னு சொன்னேன் மாப்ள. பயத்துல உனக்குக் குழம்பிப் போச்சு" என்றார் அவர். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, மேகத்தை மறைச்சு ஒட்டினேன்னு என்கிட்டயே சொன்னீங்களே! சார், அந்த இடம் மட்டும் பச்சைப் பசேல்னு தனியாத் தெரியுது பாருங்க, இப்பத்தான் மாத்தியிருக்காரு."

ஆசிரியர் திரையை உற்றுப் பார்த்தார். "ஆமா, நிறம் வேறயாத்தான் இருக்கு."

"ஈர நிலம் சார், அதான்" என்றார் சாட்டிலைட். "இந்தக்கா சொல்றதை எல்லாம் எடுத்துக்காதீங்க. ஒண்ணுக்கு ஒம்பதாச் சொல்றவங்க. வேணும்னா தெருவுல யாரை வேணாலும் கேளுங்க."

கேட்டால் தெருவும் அதைத்தான் சொல்லும். இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்த சொத்து அது.

ஆசிரியர் பையனின் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவன் சொல்ற மாதிரி ரெண்டு கூரை பாத்திருக்கீங்களா?"

"சொல்லுக்கா" என்றான் பையன். "நீ பக்கத்துலயேதானே நின்ன."

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் கையைப் பார்த்தாள். அது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுதான் சார்" என்றாள். "எப்பவும் ஒண்ணுதான் இருந்துச்சு."

பையன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. திரையை ஒரு தரம் பார்த்தான், அக்காவை ஒரு தரம் பார்த்தான். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு சார்" என்றான். ஆசிரியர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்து, டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார். மண்டையைப் படம் எடுத்ததில் அதிலும் ஒன்றும் இல்லை. இல்லாத கட்டடத்தைப் பார்த்ததாக இவனே அடித்துச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? மாத்திரை எழுதினார். பள்ளியில் பெயரை எடுத்துவிட்டார்கள். சாட்டிலைட் இப்போது கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காலையில் அதே பள்ளிக்குப் போகிறார். அவர் மனைவி ஜன்னலை அடைத்தே வைத்திருக்கிறாள். என்னோடு பேச்சு இல்லை.

பையனிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேகம், லாரி, போன் வைத்த பிறகு நடந்த பேச்சு, ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்காவே இல்லைன்னுட்டா ஆன்ட்டி. அவ எனக்குப் பொய் சொல்லுவாளா?" என்றான்.

நேற்று மார்க்கெட்டுக்குப் போகும்போது தெருமுனையில் நின்றிருந்தான்.

"ஆன்ட்டி, அங்க வர்றது ஒரு பஸ்ஸா, ரெண்டா?"

"ஒண்ணுதான்டா கண்ணு."

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. சாலை காலியாகக் கிடந்தது. "வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டாவது பஸ்ஸும் போய்விடட்டும் என்று நின்றுகொண்டே இருந்தான்.