முகத்துக்கு ஒரு விரல் முன்னால்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து என்னிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. இது என் அக்கா மகள் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பதினேழு வயது. ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சித்தி, நீங்க கதை எழுதுவீங்கல்ல?"

"எழுதுவேன். யாரும் படிக்கிறதில்லை. அதுக்கென்ன இப்போ?"

"எனக்கு ஒண்ணு எழுதித் தரணும். ஒருத்திகிட்ட ஒரு விஷயம் சொல்லணும், நேரா சொல்ல வாய் வரலை. கதையா வந்துட்டா சொன்ன மாதிரி ஆயிடும்."

"அவ படிப்பாளா?"

"மாட்டா. அவளுக்குத் தமிழ் தெரியாது. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மடித்த துணியெல்லாம் சரிந்து, எல்லாவற்றையும் மறுபடி மடிக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்:

விமானம் தரையைத் தொட்டபோது அவள் கண்களில் ஆயிரம் கனவுகள்—

அடித்துவிட்டேன். விமானத்தில் அவள் வாந்திதான் எடுத்தாள்.

இரண்டாவது:

மனிதநேயத்துக்கு எல்லைகள் இல்லை என்பதை உணர்த்தும் விதமாக—

கருமம். இது அவளை அனுப்பிவைத்த தொண்டு அமைப்பின் துண்டறிக்கை. இதை எழுத நான் எதற்கு?

மூன்றாவது நின்றது:

அந்தக் கூடத்தில் எட்டுத் தொட்டிகள் இருந்தன. முன்பு அது பந்து விளையாடும் கூடம். தரையில் வெள்ளைக் கோடுகள் இன்னும் அழியவில்லை. ஆறு ஊருக்குள் புகுந்து வடிந்த பிறகு, சேற்றிலிருந்து பொறுக்கிய புகைப்படங்களை மூட்டை மூட்டையாக அங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கல்யாணம், குழந்தை, நாய்க்குட்டி, பள்ளிக்கூட வரிசை, யாரோ யார் தோளிலோ கை போட்டுச் சிரிப்பது. எது யார் வீட்டுப் படம் என்று தெரியாது. கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, பெட்டியில் போட்டால், ஊர்க்காரர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்வார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், ஆறு வாரம், இந்த வேலைக்குத்தான் அவள் கடல் தாண்டிப் போனாள். பல நாட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருவர் பெயர் இன்னொருவர் வாயில் நுழையவில்லை. அதனால் தொட்டியின் எண்ணே பெயராயிற்று. அவள் மூணு. பக்கத்துத் தொட்டியில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, இவள் வயதுதான். அவள் நாலு.*

* இருவரும் பேசிக்கொண்டது இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் மொழியில், பாதி வார்த்தை, பாதி கை. என் தமிழில் இருவரும் வெளுத்து வாங்குகிறார்கள். அது என் கைவேலை. 'டி' போடுவதும் என் கைவேலைதான், அக்கா மகள் கேட்டுக்கொண்டது. "அவ டி போடலை சித்தி. ஆனா போட்ட மாதிரியேதான் இருந்துச்சு" என்றாள்.

3

வெள்ளத்தில் ஊறிய படம் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். [வெட்டிவிட்டேன். என் மேதாவித்தனத்தைக் காட்ட இது இடமில்லை.] உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். சேறு, படத்தை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். தின்ற இடத்தில் நிறம் கூழாகிவிடும். தொட்டால் தண்ணீரோடு போகும், கீழே வெறும் வெள்ளைத் தாள். அந்தக் கூழை விரல் நுனியால் ஓரத்திலிருந்து மெல்லத் தடவி எடுத்துவிட்டால், மிச்சப் படம் அதற்கு மேல் கெடாது. ஆனால் முகத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்திவிட வேண்டும். முகத்தில் கறை இருந்தாலும் சரி, கை வைக்கக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. அவரவர் வீட்டுப் படத்தை அவரவர் கழுவக் கூடாது. கூடத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு ஸ்டுடியோக்கார அம்மா. அவர் கடையும் வெள்ளத்தோடு போயிருந்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே கத்திக்கொண்டுதான் திறப்பாராம். "உங்க வீட்டு ஆளுன்னா கை நிக்காது! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயிடும். பேசாம பக்கத்துத் தொட்டிக்குத் தள்ளு!"

4

நாலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அக்கா மகள் சொல்வதைக் கேட்டால் அவளிடம் மருந்துக்குக்கூட ஒரு குறை கிடையாது. அப்படி ஒரு ஆளைக் கதைக்குள் விட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன்.

"ஏதாவது கெட்டதா சொல்லு" என்றேன்.

யோசித்தாள். "நான் குளிக்கப் போனா வெளியில நின்னு கதவைத் தட்டித் தட்டிப் பாடுவா. கேவலமா இருக்கும்."

"அப்புறம்?"

"என் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுவா. அவளோடது வெள்ளத்துல போயிடுச்சு. புதுசு குடுத்தாங்க. ஆனா என்னோடதைத்தான் போடுவா, மகாராணி."

"கடைசியில அந்தச் செருப்பு?"

"அவகிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். அவளுக்குக் குடுத்த புதுசைப் போட்டுக்கிட்டு வந்தேன்."

அந்தச் செருப்பு இப்போது அக்கா வீட்டு வாசலில் கிடக்கிறது. இவள் காலுக்கு ஒரு அளவு பெரியது. அக்கா பெருக்கும்போது அதை நகர்த்தினால் வீடு இரண்டாகிறது. "ஊருக்கு உதவப் போறேன்னுட்டு போனா, யாரோ ஒருத்தி செருப்பைக் கட்டிக்கிட்டு அழுறா" என்று அக்கா என்னிடம் புலம்பினாள். நாலின் வீட்டில் இன்னும் சேறு நின்றதால், அவளும் அவள் அப்பாவும் கூடத்துக்குப் பின்னால், தொண்டுக்கு வந்த பிள்ளைகளோடு ஒரே கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள். ஆறு வாரம் கண்விழித்ததும் பார்த்த முகம். ஏங்கிப்போய்விட்டது பிள்ளை, அக்காவுக்கு அது காய்ச்சல் மாதிரி தெரிகிறது, சத்து மருந்து வாங்கிக் கொடுக்கிறாள்.

5

தள்ளிப்போட்டது போதும். எழுதிவிடுகிறேன்.

ஆறாவது வாரம், மதியம். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நாலு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மூணாம் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"எங்க அம்மாடி. அவங்க போனப்போ எனக்கு மூணு வயசு. முகம் எனக்கு ஞாபகமே இல்லை. இதுல இருக்கிறதுதான் எனக்கு அவங்க முகம். மத்த படமெல்லாம் ஆத்தோட போயிடுச்சு." உறையை இவள் பக்கம் தள்ளினாள். "உன் கை நல்ல கை. நீ பண்ணு. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்."

சாப்பிடப் போய்விட்டாள்.

நீலக் கதவுக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் கை, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. மூணு ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். கதவு தெளிந்தது, சட்டை தெளிந்தது. முகத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தினாள். இதை எழுதியே ஆக வேண்டும்: அவள் நிறுத்தினாள். படத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தும்விட்டாள்.

அப்போதுதான் இடது கன்னத்தில் அந்தச் சேற்றுப் பொட்டைப் பார்த்தாள். நாலு சிரித்தால் அதே இடத்தில் குழி விழும். அம்மாவுக்கும் அங்கே குழி இருக்குமோ? தனக்கும் அம்மாவுக்கும் ஒரே கன்னம் என்று அவளுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? படத்தை மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். இன்னும் கொஞ்சம்.

சேறு போயிற்று. அதோடு கன்னமும் போயிற்று. பதறி விரலை எடுப்பதற்குள் மூக்கும் கண்ணும் கலங்கலாகத் தண்ணீரில் இறங்கி, தொட்டியின் அடிக்குப் போய்விட்டன. கதவு பளிச்சென்று இருந்தது. சட்டை பளிச்சென்று இருந்தது.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. ரொம்ப அழகாக வந்திருந்தது. அந்தக் காரணத்துக்காகவே அடித்தேன்.]

ஸ்டுடியோக்கார அம்மா சொன்ன விதி ஒன்றும் பொய்யில்லை. சொந்தக்காரர் கை நிற்காதுதான். இவள் சொந்தமாகி எத்தனை நாளாயிற்று என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

6

நாலு சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "எங்கடி?"

மூணு சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கொடியில காயப் போட்டேன். காணோம். யாரோ எடுத்துப் பெட்டியில கலந்துட்டாங்க போல."

படம் அப்போது அவள் பைக்குள், நோட்டுப் புத்தகத்துக்கு நடுவே இருந்தது.

பெட்டிகள் மொத்தம் நாற்பத்திரண்டு. அவள் ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் வேலை முடிந்த பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாகப் பெட்டிகளைப் பார்த்தார்கள். யாரோ ஒரு மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலு, தனக்குத் தெரிந்த முகம் வந்தால் அவர் கதையைச் சொன்னாள், எந்த வீட்டுக்காரர் யாரோடு பேசமாட்டார், எந்த டீச்சர் எப்படி அடிப்பார் என்று.

"அந்த மூணு நாள்தான் சித்தி நாங்க ரொம்பப் பேசினோம்" என்றாள் அக்கா மகள். "அதுதான் ரொம்ப நல்ல நாள். அதைத்தான் என்னால தாங்க முடியலை."

நான் அவளைத் திட்ட நினைத்திருந்தேன். "வேஷக்காரி" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அப்படியே விழுங்கிவிட்டேன்.

7

நான்கு மாதம் ஆகிறது. நாலிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருக்கிறது. "இன்னைக்குப் பெட்டி 17. இல்லை." "பெட்டி 18. எங்க பக்கத்து வீட்டுக் கல்யாணம் கிடைச்சுது, அம்மா இல்லை." ஒவ்வொன்றுக்கும் இவள் பதில்: "கிடைக்கும்டி."

போன வாரம் வந்தது: "பெட்டி 40. இல்லை. இந்த மாசக் கடைசியில கூடத்தை மூடுறாங்க. இன்னும் ரெண்டே ரெண்டுதான்."

அதைப் படித்த பிறகுதான் இவள் என்னிடம் வந்து தலையணை உறையை மடித்தது.

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் இந்த ஒரு இடம் உறுத்தியது. "ஒரு பெட்டி பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம்."

"அப்போ மிச்சப் பெட்டிக்கு நாலு மாசம் எதுக்கு?"

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "முடிஞ்சுடும்னு பயமா இருக்கும்."

"இருக்கலாம்."

"இல்லைன்னா… அவளுக்குத் தெரியுமோ சித்தி? நானே சொல்வேன்னு காத்துக்கிட்டு இருக்காளோ?"

எனக்கு எப்படித் தெரியும்? நாலின் மனத்துக்குள் போய்ப் பார்க்கிற வசதி கதாசிரியருக்கு உண்டு என்று சொல்வார்கள். போய்ப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது.

8

முடிவுகள்.

முதல் முடிவு, அக்கா மகள் கேட்டது: நாலு "பரவாயில்லைடி" என்கிறாள், இருவரும் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அந்தப் 'பரவாயில்லை'யைச் சொல்ல நான் யார்? அது என் அம்மா முகமா?

இரண்டாவது: பதிலே இல்லை. செருப்பு வாசலிலேயே கிடந்து தேய்கிறது. இது இலக்கியத் தரமாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது: எங்கிருந்தோ ஒரு நிபுணர் வந்து அழிந்த முகத்தை— சீ, போ.

உண்மையைச் சொன்னால், நானும் ஒரு வாரமாகப் பெட்டிதான் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்க வேண்டியது அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே, அவளோடு தரையில் உட்கார்ந்து, தமிழில். படம் என் மேஜை மேல் இருக்கிறது, இந்தத் தாளுக்குப் பக்கத்தில். நீலக் கதவு, மடித்துவிட்ட சட்டை, இடுப்பில் கை. அதற்கு மேலே வெள்ளை.

"இதுக்கு மேல என்னால முடியாதுடி. நீயே படி" என்று இன்று மதியம் இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். ஏழாவது பகுதியை இரண்டு முறை படித்தாள். பிறகு போனை எடுத்து, அந்த மூன்றாம் மொழியில் தட்டினாள், அழித்தாள், தட்டினாள். எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நாப்பத்தொண்ணைத் திறக்காதே. எந்தப் பெட்டியிலயும் இல்லை. என்கிட்ட இருக்கு. முகம் இல்லை. நான்தான் அழிச்சேன். பொய் சொன்னேன்."

"மன்னிச்சுடுன்னு போடலையா?"

"போட்டேன். எடுத்துட்டேன். அதைப் பார்த்தா உடனே பரவாயில்லைன்னுடுவா சித்தி. அவ அப்படித்தான்."

அனுப்பிவிட்டாள். போனை மடித்த துணிகளின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, படத்துக்கு ஏற்ற உறை வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனாள். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

போன் ஒருமுறை அதிர்ந்தது. எனக்குக் கை பரபரக்கிறது.

9

(இந்த இடம் நாலுக்கு. உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள். நான் எழுத ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்விடும், இரண்டு பிள்ளைகளும் எனக்குச் சொந்தமாகிவிட்டார்கள். முகத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்திக்கொள்கிறேன்.)