துப்பாக்கியை வாசலில் கொடுக்கவும்

சினிமாப் படிப்பை முடித்துவிட்டு கீர்த்திகா சென்னையிலிருந்து சிவகாசிக்குத் திரும்பி வந்ததும், ஒரு படம் எடுக்கப்போவதாக அப்பாவிடம் சொன்னாள்.

"என்ன படம்?" என்றார் அய்யாதுரை.

"கௌபாய் படம்ப்பா. காமெடி."

காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்தவர் அவர். தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் போகிறவர்களுக்கும் தன் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "குதிரைக்கு எங்க போவ?" என்று மட்டும் கேட்டார். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

நடிக்கிற ஆட்களை யோசித்து வைத்திருந்தாள். விருதுநகரில் ஒரு கல்லூரி விழாவில் 'நமுத்த திரி' என்ற பங்க் ராக் குழுவைப் பார்த்திருந்தாள். மூன்று பேர். பாடுகிற அன்பரசன் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் பார்ப்பவன். கிடார் வாசிக்கும் பாண்டி லோடு வேன் ஓட்டுபவன். டிரம்ஸ் அடிக்கும் சினேகாவுக்கு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை. ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவர்களுடைய பாட்டு ஒன்று முடிந்துவிடும். வராத பஸ்ஸைப் பற்றியும் கிடைக்காத லீவைப் பற்றியும் தொண்டை கிழியக் கத்துவார்கள். அன்றைக்கு இரண்டாவது பாட்டிலேயே விழாக்காரர்கள் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டார்கள். அன்பரசன் மைக் இல்லாமல் கத்தினான். பாண்டி சத்தமே வராத கிடாரை வாசித்தான். சினேகா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாத அந்த முகங்கள்தான் தன் படத்துக்கு வேண்டும் என்று கீர்த்திகா அன்றே முடிவு செய்துவிட்டாள்.

கதை எளிது. ஒரு வறண்ட ஊர். அதற்கு ஒரு ஷெரிஃப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி. அது சினேகா. பாங்கைக் கொள்ளையடிக்க வருகிறவன் அன்பரசன். மதுக்கடை நடத்துகிறவன் பாண்டி.

சினேகா இதைத் தன் அம்மா அய்யம்மாளிடம் சொல்லவில்லை. அய்யம்மாள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நடிக்கப் போகிறேன் என்றால் பத்துக் கேள்வி கேட்பாள்; முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சினேகா பிரஸ்ஸில் லீவு போட்டுவிட்டு, தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதுபோலவே கிளம்பினாள்.

தாயில்பட்டியைத் தாண்டி, தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் பிளைவுட்டால் ஊர் ஒன்று எழுந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம். வெயிலுக்குக் குறைவில்லை. மதுக்கடை வாசலில், அந்தக் காலத்து அமெரிக்காவில் சொல்வதுபோல 'சலூன்' என்று பெரிதாக எழுதி வைத்தார்கள். முதல் நாளே தோளில் துண்டோடு ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கட்டிங், ஷேவிங் உண்டுமா?"

பாட்டில் துடைத்துக்கொண்டிருந்த பாண்டி, "இங்க கட்டிங் கிடையாது அண்ணாச்சி. குடிக்கத்தான்" என்றான்.

"வெளிய சலூன்னு போட்டிருக்கீக."

பாண்டி துடைத்த பாட்டிலையே மறுபடி துடைத்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்திகா அதை நிறுத்தவில்லை.

குதிரையும் கிடைத்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுகிற சோலைமலை தன் வெள்ளைக் குதிரையோடு வந்து சேர்ந்தார். சினேகா ஏறி உட்கார்ந்தாள். குதிரை நகரவில்லை. தட்டிப் பார்த்தார்கள், வெல்லம் காட்டினார்கள். அது நின்ற இடத்திலேயே நின்றது.

"மேளம் இல்லாம நடக்காதும்மா" என்றார் சோலைமலை. "பழக்கம் அப்பிடி."

பாண்டி ஒரு எண்ணெய் டின்னை எடுத்துத் தட்டினான். குதிரை உடனே தலையை ஆட்டிக்கொண்டு, இப்படி இரண்டடி அப்படி இரண்டடி என்று ஊர்வல நடை போட்டது. ஊரைக் காக்க வந்த ஷெரிஃப் கல்யாண மாப்பிள்ளை போல ஊருக்குள் நுழைந்தாள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் அன்பரசனோடுதான். பாங்க் காசாளராக சோலைமலையையே உட்கார வைத்திருந்தார்கள். அன்பரசன் அவர்முன் துப்பாக்கியை நீட்டினான். "அண்ணாச்சி, கொஞ்சம் கையத் தூக்குறீகளா" என்றான்.

கீர்த்திகா கேமராவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். "அன்பு, நீ கொள்ளைக்காரன்."

"தெரியும்க்கா. அவரு வயசுல பெரியவரு."

"மேடையில அந்தக் கத்து கத்துற."

"அது யாரையும் பாத்துக் கத்தலயேக்கா. பொதுவாக் கத்துறது."

எத்தனை தடவை எடுத்தும் அவனால் 'தூக்குறீகளா'வில் மரியாதைக்கு வரும் அந்த 'க'வை விட முடியவில்லை. கடைசியில் கீர்த்திகாவே விட்டுவிட்டாள்.

இப்படியே சிரிப்பும் புழுதியுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாங்க் பெட்டியை வெடி வைத்துத் தகர்க்கிற காட்சி வந்தது. கம்ப்யூட்டரில் செய்தால் பொய்யாகத் தெரியும், நிஜமாகத் திடுக்கிடுகிற முகம் வேண்டும் என்றாள் கீர்த்திகா. போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். காலி இரும்பு டிரம் ஒன்றுக்குள் பெரிய வெடிகளை வைத்தார்கள். பக்கத்தில் புகைக்காகப் பழைய டயர்களை அடுக்கினார்கள். கம்பெனிகளில் பட்டாசை வெடித்துப் பார்க்கிற சத்தம் அந்தப் பக்கத்தில் அன்றாடம் கேட்பதுதான், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் அங்கேயே பிறந்து வளர்ந்த மூவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. டிரம்முக்குள் வெடிக்கிற சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்பதையும், புகை எவ்வளவு தூரம் தெரியும் என்பதையும் யாரும் நினைக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு டிரம் வெடித்தது. சத்தம் நிலத்துக்குள் இறங்கி ஏறியது. கரும்புகை நேராக மேலே போய் நின்றது. குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, சோலைமலை அதன் பின்னால் ஓடினார். "நல்லா வந்திருக்கு" என்று கீர்த்திகா கைதட்டினாள்.

முதலில் ஒரு பைக் வந்தது. பிறகு பல பைக்குகள். பிறகு கண்மாய்க் கரைமேல் பெண்கள் தெரிந்தார்கள். வேலைச் சட்டையோடு, கையெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்தோடு, சிலர் செருப்பில்லாமல், சிலர் போனைக் காதில் வைத்தபடி ஓடி வந்தார்கள். முன்னால் வந்த பெண் தடுமாறிக் கரையிலிருந்து இறங்கி, எதிரே நின்ற சினேகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் கம்பெனி? எந்த ரூமு வெடிச்சது?"

சினேகா திரும்பிப் புகையைப் பார்த்தாள்.

"எந்த ரூமுன்னு சொல்லு. என் தங்கச்சி இந்தப் பக்கத்துக் கம்பெனில கடைசி ரூமுல இருக்கா."

"ரூமு எதுவும் இல்லக்கா" என்றாள் சினேகா. "யாருக்கும் ஒண்ணும் இல்ல. சினிமா."

அந்தப் பெண் சினேகாவின் தொப்பியைப் பார்த்தாள். நெஞ்சில் குத்தியிருந்த தங்க அட்டை நட்சத்திரத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற பிளைவுட் ஊரைப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து அய்யம்மாள் வந்தாள். மகளை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடிப்பாள் என்று சினேகா நினைத்தாள். அய்யம்மாள் அடிக்கவில்லை.

"நீ பிரஸ்ல இருக்கேன்னு நெனச்சேன்" என்றாள். "ஓடி வரும்போது ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிக்கிட்டே வந்தேன். உம் பேரச் சொல்லல. உன்னையத் தேடணும்னே எனக்குத் தோணல."

சினேகா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஆம்புலன்சும் வந்தது. தகவல் தெரிந்திருந்தும் அந்தப் புகையைப் பார்த்து வராமல் இருக்க முடியவில்லை என்றார் அதிகாரி. கீர்த்திகா அந்தப் பெண்கள் முன்னால் போய் நின்றாள். "தப்பு என்மேலதான். அதிகாரிங்ககிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொல்லணும்னு தோணல. மன்னிச்சிருங்க" என்றாள். சிலர் திட்டினார்கள். அவள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்கு வேலையப் பாத்திருப்போம்ல தாயி" என்றாள் பஞ்சம்மாள். தங்கையைத் தேடி வந்தவள் அவள்தான். குரலில் கோபம் வடிந்து களைப்புதான் மிச்சம் இருந்தது.

வந்தவர்கள் உடனே திரும்பிப் போகவில்லை. சலூன் நிழலில் உட்கார்ந்தார்கள். பாண்டி தண்ணீர் கேனைத் தூக்கி வந்து ஒவ்வொருவருக்காக ஊற்றினான். அப்போதுதான் யாரோ அன்பரசனைக் கவனித்தார்கள். இடுப்பில் துப்பாக்கி, கழுத்தில் கைக்குட்டை, முழங்கால்வரை பூட்ஸ், குதிகாலில் இரும்புச் சக்கரம். "இது நம்ம செல்வலட்சுமி மகன்ல?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு மெதுவாகப் பரவியது. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அய்யம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஆடு, பாடு, குதிரையில ஏறு. எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ."

படப்பிடிப்பு சில நாள் நின்றது. கீர்த்திகா ஒவ்வொரு கம்பெனி வாசலுக்கும் போய், சாப்பாட்டு நேரத்தில் பெண்களைப் பார்த்து, இனி அங்கே வெடி இருக்காது என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு மூவரையும் கூப்பிட்டாள்.

"துப்பாக்கிச் சத்தத்த எல்லாம் அப்புறமா ஸ்டூடியோவுல சேத்துக்கலாம். இங்க ஒரு சத்தமும் வராது."

"சேக்கலாம்க்கா" என்றாள் சினேகா. "ஆனா படத்த மொதல்ல இங்கனதான் காட்டணும்னு சொன்னீக. அன்னைக்கு ஓடி வந்தவுக எல்லாம் அந்தச் சத்தத்தக் கேப்பாக."

கீர்த்திகா கையிலிருந்த ஸ்கிரிப்டை மூடினாள். சுடாத கௌபாய் படத்தை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மகள் போகிற இடத்தைப் பார்க்கவேண்டும் என்று அய்யம்மாள் கூடவே வந்தாள். பிளைவுட் ஊரின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். அன்பரசன் முழு வேஷத்தில், குதிகால் சக்கரம் கிணுகிணுவென்று சத்தமிட, அவளைக் கடந்து உள்ளே போனான்.

"ஏலே, நில்லு" என்றாள் அய்யம்மாள். "இம்புட்டு இரும்போட எங்கலே உள்ள போற? எங்க கம்பெனி கேட்டுல உன்னைய இப்பிடி விடுவாகளா?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். கம்பெனி வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா, பீடி இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். அன்பரசனும் விளையாட்டாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கீர்த்திகா திடீரென்று கேமராவை எடுத்தாள்.

"அம்மா, இன்னொரு தடவ அதேமாதிரி கேளுங்க. நிஜமாவே சோதன போடுங்க."

அய்யம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். கேமராவைப் பார்க்கவே இல்லை.

"துப்பாக்கிய எடு."

"அத்தே, நான் கொள்ளைக்காரன்."

"இருந்துட்டுப் போ. துப்பாக்கி உள்ள போகாது. அந்தச் சக்கரத்தக் கழத்து. பூட்ஸக் கழத்து. வாயில என்ன, சுருட்டா? அதையும் குடு."

அவன் பையிலிருந்து நிஜமான செல்போன் கீழே விழுந்தது. அதையும் வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தாள். பயங்கரமான கொள்ளைக்காரன் வெறுங்காலோடு, சுடுமணலில் குதித்துக் குதித்து பாங்குக்குப் போனான். கையில் ஒன்றுமே இல்லாமல் சோலைமலை முன் நின்று, "அண்ணாச்சி, கொஞ்சம் கையத் தூக்குறீகளா" என்றான். கீர்த்திகாவின் தோள் குலுங்கியதில் படமும் கொஞ்சம் ஆடியது.

அதன்பிறகு கதை தானாகவே வழி கண்டுபிடித்துக்கொண்டது. படத்தில் வருவது வெடிமருந்து செய்கிற ஊர். யாராக இருந்தாலும் துப்பாக்கியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கடைசிச் சண்டையில் ஷெரிஃபும் கொள்ளைக்காரனும் தெருவில் எதிரெதிரே நின்றார்கள். இருவர் கையும் காலி இடுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் துடித்தது. காற்று அடித்தது. முள்செடி ஒன்று உருண்டு போனது. அடுத்து என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. "சாப்பிட்டீகளா?" என்றாள் ஷெரிஃப். "இன்னும் இல்ல" என்றான் கொள்ளைக்காரன். இருவரும் பாண்டியின் சலூனுக்குள் போனார்கள். அன்றைய படப்பிடிப்பு அத்தோடு முடிந்தது.

சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மாலை, படத்தைக் காட்டினார்கள். பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அய்யாதுரை முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அய்யம்மாள் திரையில் வந்ததும் எழுந்த சிரிப்பில் அடுத்த வசனம் எதுவும் கேட்கவில்லை. பஞ்சம்மாள் அவள் தொடையில் ஓங்கித் தட்டினாள். படம் முழுக்க ஒரு வெடிச் சத்தம்கூட இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. கவனித்தார்களா என்றும் சினேகாவுக்குத் தெரியவில்லை. முடிந்ததும் அய்யாதுரை எழுந்து, "குதிர நல்லா நடிச்சிருக்கு" என்றார். கீர்த்திகாவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு சினேகா அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வெயில் தணிந்திருந்தது. பாலத்தைத் தாண்டியதும் அய்யம்மாள் கேட்டாள்.

"நீங்க மூணு பேரும் பாடுவீகல்ல, அது போன்ல இருக்கா?"

சினேகா வண்டியை ஓரமாக நிறுத்திப் போனை எடுத்து ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அய்யம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள். ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று போகும் நேரத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"அன்பு என்ன சொல்றான்னு ஒண்ணும் வெளங்கல" என்றாள். "ஆனா என்னமோ கோவத்துல இருக்கான்."

"ஆமாம்மா."

"பெறகால கொட்டு அடிக்கிறது நீயா?"

"நாந்தான்."

அய்யம்மாள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "இன்னொண்ணு போடு" என்றாள்.