இருநூற்றுப் பதின்மூன்று சொற்கள்

அந்த ஊருக்கு மின்னஞ்சல்கள் நடந்துதான் வரும். கடல் தாண்டி வருபவை முழங்கால் வரை நனைந்திருக்கும். அனுப்பியவர் எத்தனை சொற்கள் எழுதினார் என்பது மடலின் மணிக்கட்டில் முத்திரையாக இருக்கும். ஊர் எல்லையில் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம்; அதுதான் சர்வர்; ஊரார் வாயில் சாவடி. அங்கே தெய்வநாயகம் முப்பத்தோரு வருடமாகச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று குறைந்தாலும் மடலைத் திருப்பி அனுப்பிவிடுவார். பசி தாங்காமல் ஒரு சொல்லைத் தின்றுவிட்டேன் என்று அழுத மடல்களையும் அவர் விட்டதில்லை.

கோலாலம்பூரிலிருந்து அவருடைய மைத்துனி செங்கமலம் அனுப்பிய மூன்று மடல்கள் அப்படித் திரும்பிப் போயின. அதன் பிறகு அவர் மனைவி கோதை, ஊரில் பலரைப் போல, வீட்டு வாசலுக்கு இருதயராஜை வைத்துக்கொண்டாள். அவன் எண்ணமாட்டான். மடலை ஒப்பிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பான். எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, உள்ளே விடலாமா என்று வீட்டாரையே கேட்பான்.

"அவனுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார் தெய்வநாயகம்.

"நின்னுக்கிட்டே காது கொடுத்துக் கேக்க முடியுமாங்க? நீங்க எண்ணத்தானே செய்றீங்க."

அன்று அவள் இருதயராஜைப் பார்த்து ஏழு முறை சிரித்தாள். தெய்வநாயகத்துக்கு அந்த மாதம் கிடைத்தது இரண்டு.

எல்லைச் சோதனை வேண்டாம், வாசலில் சோதித்தால் போதும் என்று பஞ்சாயத்துக்கு ஒரு மனு போயிற்று. முப்பத்தெட்டுக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து கோதையுடையது.

தெய்வநாயகம் தலைவரிடம் போனார். "அடுத்த மடல்ல நானே ஒரு சொல்லை மாத்தி விடுறேன். அவன் கண்டுபிடிச்சா நான் சாவடியைப் பூட்டிடறேன்."

தலைவர் சரி என்றார்.

அடுத்து வந்தது செங்கமலத்தின் மடல். முத்திரையில் இருநூற்றுப் பதின்மூன்று. எண்ணினார், சரியாக இருந்தது. முதல் சொல்லான 'அக்கா'வைப் பிடுங்கி ஜன்னல் வழியே போட்டார். ஒரு கோழி கொத்திக்கொண்டு போயிற்று. அந்த இடத்தில் தம் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைக்க வேண்டும். யோசித்து, 'கோதை' என்று வைத்தார். மடலே அவளுக்குத்தான், சந்தேகம் வராது. முப்பத்துநாலு வருட மணவாழ்வில் அவர் அந்தச் சொல்லை உபயோகித்ததே இல்லை. மடிப்புக் கலையாமல் இருந்தது.

தலைவரும் அவரும் தெருவில் நின்றார்கள். மடல் வாசலில் ஏறி, "கோதை, நலமா?" என்று தொடங்கி முடிவுவரை ஒப்பித்தது.

இருதயராஜ் கண்ணைத் திறந்தான். "அண்ணி, முதல் சொல் உங்க தங்கச்சி அனுப்பினது இல்ல. புழங்காத சொல்லு."

"யார் குரல்னு தெரியுதா தம்பி?"

"தெரியுது."

"எனக்கும் தெரியுது."

"எடுத்துடவா?"

"வேண்டாம். அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

மடல் பதினோரு முறை சொல்லியது. தெய்வநாயகம் எண்ணினார். பதினொன்றுக்கும் கோதை சிரித்தாள். ஈரக்காலோடு நின்ற அந்த மடலின் மேலும் அவருக்கு வயிறு எரிந்தது.

"அப்போ பூட்டிடலாமா?" என்றார் தலைவர்.

சாவடியைப் பூட்டிவிட்டுச் சாயங்காலம் தெய்வநாயகம் வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் இருதயராஜ் கையை நீட்டி மறித்தான்.

"ஒப்பிங்க அண்ணே."

"நான் இந்த வீட்டு ஆளு."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே."

தெய்வநாயகம் பிறந்ததிலிருந்து தொடங்கித் தம்மை ஒப்பித்தார். முடிக்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

"அண்ணி, பாதிதான் வந்திருக்கார்."

"ஏதாவது மாறியிருக்கா?"

"இல்ல. வந்ததெல்லாம் அசல். மீதி வழியில இருக்கு."

"சரி, உள்ள விடு."

கோதை இரண்டு டம்ளரில் காபி ஆற்றினாள். ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மற்றதைத் தட்டால் மூடி வாசற்படியில் வைத்தாள்.