ஐம்பது நிமிட தூரத்து மாமியார்

நைரோபியில் குடியிருந்த ஒபியேரோவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். கிசுமுவில் இருந்த மாமியார் தோரினாவை அதன்பிறகு அவன் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. போனில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

"கிசுமுல்லாம் ஒரு தூரமா அத்தை? பஸ்ஸுல போனாதான் ஒரு பகல் போயிடும். பிளேன்ல அம்பது நிமிஷம். நெனச்சா வந்து நிப்பேன்."

நினைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு அவளிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னது நெசந்தான். டீயக் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எறக்கி விட்டுட்டான். ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு சாயங்கால பிளேன்ல கெளம்பிடுறேன்."

மருமகன் வீட்டில் மாமியார் இரவு தங்குவது அவர்களுடைய லுவோ இனத்தில் வழக்கமில்லை. அதனால்தான் அவள் இதுவரை வந்ததே இல்லை. வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடலாம் என்று மாப்பிள்ளையே சொல்லிக் கொடுத்த பிறகு தடை ஏது?

அழைத்துவரப் போனான். மொம்பாசா சாலையில் டாக்ஸி நகரவே இல்லை. மாமியார் மடியில் ஏரி மீன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாள்.

"கிசுமுவுலேருந்து நைரோபி கிட்டதான் மாப்பிள்ளை. நைரோபியிலேருந்து உங்க வீடுதான் தூரமா இருக்கு."

வீட்டில் ஒபியேரோவின் மனைவி அபொந்தி உகாலி என்ற சோளமாவுக் களியைக் கிண்டி, மீனைக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கண்ணயர்ந்த நேரத்தில் செய்தி வந்தது. ஏரிப் பக்கம் புயல்மழை. சாயங்கால விமானம் ரத்து, நாளைக் காலைதான்.

"இங்கயே படும்மா," என்றாள் அபொந்தி.

"மாப்பிள்ளை கூரைக்குக் கீழயா?"

"நாங்க இருக்கறது ரெண்டாவது மாடி அத்தை," என்றான் ஒபியேரோ. "எங்களுக்குக் கூரையே கெடையாது. மேல இருக்கறது மேல்வீட்டுக்காரன் தரை."

"வாடகை யார் குடுக்கறா?"

அவன் எழுந்து வெளியே போனான். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. நர்ஸ் முத்தேயு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பேரு தெரியாத எதிர்வீட்டுக்காரரே, உங்க மாமியார் தாராளமா படுத்துக்கட்டும்," என்றாள்.

காலையில் அபொந்தி அம்மா போகும் விமானத்திலேயே இன்னொரு டிக்கெட்டும் எடுத்திருந்தாள்.

"இவருக்கும்மா. கல்யாணத்துக்கு முன்னாடி சொன்னாரு, பிளேன்னா உள்ளங்கை வேர்க்குமாம். ஏறினதே இல்ல."

"உனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்?" என்று ஒபியேரோ முணுமுணுத்தான். மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சிரிக்கவும் இல்லை.

"வாங்க மாப்பிள்ளை," என்றாள். "பேசிக்கிட்டே போயிடலாம்."

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். மருமகனின் கையை மாமியார் தொடக் கூடாது. தோரினா யோசித்தாள். தோளில் போட்டிருந்த துணியின் ஒரு முனையை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இழுத்துப் பிடிச்சுக்கோங்க. கிழிஞ்சா வேற வாங்கித் தருவீங்க."

அவன் பிடித்துக்கொண்டான். கீழே மேகம் விலகி, தேயிலைத் தோட்டங்கள் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தபோதுதான் கண்ணைத் திறந்தான்.